ஹாலே: தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்த ஊரில் இரண்டு நாள்

எங்கள் அப்பா மயிலாடுதுறையில் ஒரு சின்ன அச்சகத்தில் 28 வருஷம் கம்பாசிட்டராக இருந்தார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், ரசீதுப் புத்தகம் என்று ஊரில் பாதிப் பேர் வீட்டில் இருந்த தாள்கள் அவர் கேஸிலிருந்து (எழுத்துகளைப் பிரித்து வைக்கும் அறைகள் கொண்ட பெட்டி) ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கி, ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் கோத்தவை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனிகள் கறுத்திருக்கும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு நிற்கும். கம்ப்யூட்டர் வந்து அச்சகம் கைமாறியபோது முதலாளி ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார். அப்பா ஒரே ஒரு ‘ழ’வை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அது இன்னும் சாமி அலமாரியில் குங்குமச்சிமிழ் பக்கத்தில் இருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. போன மே மாதம் அலுவலகப் பயிற்சிக்காக லைப்சிக் நகரத்தில் இரண்டு வாரம் இருந்தேன். நடுவில் வந்த சனி, ஞாயிறுக்கு உடன் வந்தவர்கள் பெர்லினுக்கும் பிராகுக்கும் கிளம்பினார்கள். நான் தனியாக ஹாலேவுக்குப் போனேன். அந்தப் பெயர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தரங்கம்பாடி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைக் காட்டி அப்பா, “இவருக்கு எழுத்து வார்த்துக் குடுத்தது ஹாலேங்கற ஊரு” என்பார். அந்த ஊர் லைப்சிக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம்தான் என்று வரைபடத்தில் பார்த்த பிறகு வேறு எங்கேயும் போக எனக்கு மனம் வரவில்லை.

ஜெர்மனிக்கு வேலையாகவோ படிப்பாகவோ வரும் தமிழர்கள் இந்த ஊருக்கு இரண்டு நாள் ஒதுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம் ஊர் தேவாலயங்களில் ஹாலே என்பார்கள். அங்கே ‘ஹல்லெ’ என்று குறுக்கிச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் அதே பெயரில் வேறு சின்ன ஊர்களும் இருப்பதால் டிக்கெட்டிலும் பலகையிலும் ஆற்றின் பெயரைச் சேர்த்து ‘ஹாலே, சாலே’ என்று போடுவார்கள். சாலே என்பது ஊரை ஒட்டி ஓடும் ஆறு. டிக்கெட் எடுக்கும்போது அதைப் பார்த்து எடுங்கள். மாதம் முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் போகும் ஜெர்மனி டிக்கெட் கையில் இருந்தால் தனியாக எதுவும் எடுக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பினேன். தங்கிய இடத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. பழைய ஊருக்குத் தெற்கே ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆள் யாரும் இருக்க மாட்டார்கள், வாசலில் ஒரு சாவிப்பெட்டி, அதற்கு மின்னஞ்சலில் எண் அனுப்புவார்கள். எனக்கு வந்த எண் வேலை செய்யவில்லை. போன் செய்தால் பதிவுக்குரல். பெட்டியோடு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். மே மாதத்தில் அங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது, அதனால் பயமாக இல்லை. ஆனால் டிசம்பராக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. கீழ்வீட்டில் இருந்த வயதான அம்மா ஒருவர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜெர்மன் வராது. என் போனில் மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்துப் பேசினோம். அவர் என்னை உள்ளே உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்து, தன் போனிலிருந்து வேறு யாரையோ கூப்பிட்டுச் சத்தம் போட்டுச் சரியான எண்ணை வாங்கிக் கொடுத்தார். அறை சுத்தமாகவே இருந்தது. இருந்தாலும், தனியாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது: கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் வரவேற்பில் ஆள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போடுங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பிராங்கே அறநிலையத்தின் வாசலில் நின்றேன். நான் வந்ததே இதற்காகத்தான். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன்.

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்பவர் ஹாலேவுக்கு வெளியே கிளௌகா என்ற ஏழைகள் வாழ்ந்த பகுதியில் பாதிரியாராக இருந்தார். 1695இல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ 4 தாலரும் 16 குரோஷனும் போட்டிருந்தார்கள். அதைக் கொண்டு புத்தகம் வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் போட்டார்கள். 1727இல் அவர் இறந்தபோது அந்த வளாகத்தில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார்கள். நன்கொடையை மட்டும் நம்பாமல் அவர் மருந்துக்கடை, புத்தகக்கடை, அச்சகம் என்று வருமானத்துக்கும் வழி செய்திருந்தார். அந்த அச்சகம் இருந்ததால்தான் நம் எழுத்து அங்கே பிறந்தது.

வாசலில் நிற்கும் பெரிய மஞ்சள் கட்டடம்தான் அந்த அநாதை இல்லம். அதன் நெற்றியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கின்றன. கர்த்தருக்குக் காத்திருப்பவர்கள் கழுகுகளைப் போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள் என்ற ஏசாயா வசனம் கீழே ஜெர்மனில் இருக்கிறது. கட்டடத்தின் வழியாக உள்ளே போனால் நீண்ட முற்றம், லிண்டன் மரங்கள், இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். அதில் ஒன்று மரச்சட்டம் கட்டிச் சுவர் எழுப்பிய ஆறு மாடி வீடு, 100 மீட்டருக்கு மேல் நீளம். 300 வருஷத்துக்கு முந்தைய மரம் அது. முற்றத்தின் கடைசியில் பிராங்கேவின் சிலை, இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள்.

இந்த இடம் பார்ப்பதற்கென்று மட்டும் வைத்திருக்கும் இடமாக இல்லாதது எனக்குப் பிடித்தது. பள்ளிக்கூடம், மழலையர் பள்ளி, பல்கலைக்கழகத்தின் இறையியல் துறை, கல்வியியல் துறை எல்லாம் இன்றும் உள்ளே நடக்கின்றன. சனிக்கிழமையிலும் முற்றத்தில் சைக்கிள்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு காலத்தில் இது இடிந்து விழும் நிலையில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அறநிலையம் தனி அமைப்பாக இல்லாமல் போனது. கிழக்கு ஜெர்மன் ஆட்சியில் கட்டடங்கள் பராமரிப்பில்லாமல் கிடந்தன. போதாக்குறைக்கு வாசலுக்கு எதிரிலேயே ஒரு மேம்பாலச் சாலை போட்டார்கள். இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகுதான் ஒவ்வொரு கட்டடமாகச் செப்பனிட்டார்கள். மேம்பாலம் இன்னும் நிற்கிறது. காரின் இரைச்சல் வாசல் வரை வந்து, முற்றத்துக்குள் காலெடுத்து வைத்ததும் குறைந்துவிடுகிறது.

டிக்கெட் பத்து யூரோவுக்குள்தான். திங்கட்கிழமை விடுமுறை. படியேறி மேல் மாடிக்குப் போங்கள், கீழே இருப்பதை அப்புறம் பார்க்கலாம். கூரைக்கு அடியில், ஒரு காலத்தில் அநாதைப் பிள்ளைகள் படுத்துறங்கிய கூடத்தில், கலைப்பொருள்களும் இயற்கைப் பொருள்களும் வைத்த அறை ஒன்று இருக்கிறது. 16 அலமாரிகளில் சுமார் 3,000 பொருள்கள். 1741 வாக்கில் காட்ஃப்ரீட் ஆகஸ்ட் கிரூண்ட்லர் என்ற ஓவியர் இவற்றை ஒழுங்குபடுத்தி, ஒவ்வோர் அலமாரியின் தலையிலும் உள்ளே இருப்பது என்னவென்று படம் எழுதியிருக்கிறார். சங்கு வைத்த அலமாரிக்கு மேலே சங்குகள் வரைந்திருக்கும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும். உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு வானமண்டல மாதிரிகள். ஒன்றில் பூமி நடுவில், மற்றதில் சூரியன் நடுவில். அன்றைக்கு இரண்டு கருத்தும் இருந்ததால் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டியிருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடம் 300 வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு மரியாதை கூடியது.

அப்புறம் மலபார் அலமாரி. தமிழையும் தமிழரையும் அன்றைய ஐரோப்பியர் மலபார் என்றுதான் சொன்னார்கள். தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் அனுப்பிய பொருள்கள் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் ஓலைச்சுவடி இருந்தது. பார்த்த உடனே நெஞ்சு படபடத்தது. குனிந்து படிக்க முயன்றேன். புள்ளி இல்லாத எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எகரமா ஏகாரமா என்று பிரித்துக் காட்டும் கோடும் இல்லை. ‘க’ தெரிந்தது, ‘ப’ தெரிந்தது, ஒரு ‘ழ’ தெரிந்தது. முழுச்சொல் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அங்கே இருந்த பணியாளர் அம்மா நான் நகராமல் நிற்பதைப் பார்த்து எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன், அவருக்குப் புரியவில்லை. தரங்கம்பாடிக்குப் பக்கம் என்று ஐரோப்பியர் சொல்கிற மாதிரி ‘டிராங்கிபார்’ என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. கையைப் பிடித்து, “டிராங்கிபார்! டிராங்கிபார்!” என்று இரண்டு தடவை சொன்னார். சென்னையில் படித்தவர்களிடம் தரங்கம்பாடி என்றால் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். இங்கே ஒரு காவல் பணியாளருக்கு அது பழகிய பெயராக இருக்கிறது.

எழுத்து வார்த்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்த்தொலொமேயு சீகன்பால்கு ஹாலேயில் கொஞ்ச காலம் படித்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, ஹென்றிக் புளுட்ச்சோவோடு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். அச்சடிக்க வேண்டும் என்று வந்தபோது எழுத்து வேண்டுமே. தமிழ் எழுத்துகளின் வடிவங்களை எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அநாதை இல்லத்து ஆட்கள் அதைப் பார்த்து எழுத்து வெட்டி, வார்த்து, அச்சு இயந்திரத்தோடு அனுப்பினார்கள். 1713இல் அவை தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. புதிய ஏற்பாடு 1714, 1715இல் தமிழில் அச்சானது.

தமிழ் அச்சே இங்கேதான் ஆரம்பித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1578லேயே கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சின்னப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சடித்துவிட்டார். 1679இல் அம்பலக்காட்டில் தமிழ்-போர்த்துகீசிய அகராதி வந்தது. அதற்கப்புறம் அந்த வேலை நின்றுபோனது. நின்றுபோனதைத் தரங்கம்பாடியில் மறுபடி ஓட வைத்தது ஹாலேயின் ஈயம். அந்த அளவுக்குச் சொன்னாலே போதும், அதுவே பெரிய காரியம்.

எவ்வளவு பெரிய காரியம் என்பதை அப்பாதான் எனக்கு விளக்கினார். எழுத்து வார்ப்பது என்றால் முதலில் எஃகுக் கோலின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். அதைச் செம்புத் துண்டில் அடித்துக் குழி எடுக்க வேண்டும். அந்தக் குழியில் ஈயத்தை ஊற்ற வேண்டும். ஜெர்மன் எழுத்துக்குச் சின்னதும் பெரியதுமாக ஐம்பது, அறுபது கோல் வெட்டினால் வேலை முடியும். தமிழில் ‘கு’ வேறு, ‘சு’ வேறு, ‘டு’ வேறு, ‘மு’ வேறு. 18 மெய்க்கும் உகரம், ஊகாரம் என்று 36 உருவம். இகரம், ஈகாரத்துக்கு இன்னொரு 36. இதையெல்லாம் அந்த மொழியைக் காதால்கூடக் கேட்காத ஒருவர், தாளில் வந்த வடிவத்தைப் பார்த்து எஃகில் வெட்டியிருக்கிறார்.

ஹாலேயில் 1716இல் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் இணையத்தில் படமாகக் கிடைக்கிறது. ‘கிராமட்டிகா டமுலிகா’ என்று லத்தீனில் எழுதிய புத்தகம். ஐரோப்பாவில் இதுவரை அறியப்படாத மொழி என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதில் இரண்டு பக்கத்தை அப்பாவுக்கு அனுப்பிவிட்டு வீடியோவில் கூப்பிட்டேன். அவருக்கு 74 வயது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார்.

“எழுதத் தெரியாதவன் வெட்டின எழுத்தும்மா இது” என்றார்.

“எப்படிப்பா சொல்றீங்க?”

“வளைவு எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்னு தெரியல அவனுக்கு. நாம எழுதறப்போ கை எந்தப் பக்கம் போகும்னு தெரியாம, படம் மாதிரி பாத்து வெட்டியிருக்கான். ஆனா கை சுத்தம். ஒரு எழுத்து கூட மழுங்கல பாரு.”

அப்புறம் ‘ணை’யையும் ‘லை’யையும் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். தும்பிக்கை வைத்த பழைய வடிவம். 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது ‘ணை, லை, ளை, னை’க்கும் ‘ணா, றா, னா’வுக்கும் கேஸில் இருந்த தனி அறைகள் காலியானது அவருக்கு நேற்று மாதிரி ஞாபகம் இருக்கிறது. ஹாலேயில் வெட்டிய உருவத்தின் வம்சம் தன் கேஸ் வரைக்கும் வந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் முற்றத்தில் எழுந்து நின்றுவிட்டேன். ஹாலே எழுத்து அளவில் பெரியது, காகிதம் நிறையத் தின்றது. அதனால் பிறகு தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள், பக்கத்தில் பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். பொறையாறு பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். இது ஒன்றும் எனக்குத் தெரியாமல்தான் நின்றிருக்கிறேன்.

நடுவில் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிந்த அளவுக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்கள் தெரிவதில்லை. சீகன்பால்குவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் அழகப்பன். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது கூட வந்து, அந்த இலக்கண வேலைக்குத் துணை நின்றவர் பீட்டர் மலையப்பன். எனக்கு இருந்ததைப் போலப் போனில் கூப்பிட ஓர் அப்பா மலையப்பனுக்கு இருந்திருக்க முடியாது. சுற்றிலும் யாரும் தமிழ் பேசாத குளிரில் அவர் இருந்திருக்கிறார். ஐரோப்பாவின் வடக்கே வந்த முதல் தமிழர்களில் ஒருவர். அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதே போல இன்னொன்று. சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர அதைப் பரப்ப அனுப்பவில்லை என்ற எண்ணத்தில் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். 1867இல்தான் சென்னையில் அது அச்சானது. 150 வருஷம் அந்தக் கட்டு கிடந்திருக்கிறது. பிராங்கே செய்த நல்லதெல்லாம் என் மனதில் நிற்கிறது, இதுவும் நிற்கிறது. ஆனால் கையெழுத்துப் பிரதியை அழிக்காமல் வைத்திருந்தார்கள். தமிழர்கள் சீகன்பால்குவின் கேள்விகளுக்கு எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தங்கள் அறிக்கைத் தொடரில் வெளியிட்டார்கள். அந்தத் தொடர் 1710இலிருந்து பல பத்தாண்டுகள் வந்தது. 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சைச் சீமையில் சாதாரண மனிதர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு மிஞ்சியிருப்பதில் ஒரு பங்கு இந்த ஊரில் இருக்கிறது. தஞ்சாவூர் சரபோஜியை வளர்த்த சுவார்ட்ஸ் ஐயரும், அகராதி செய்த பெப்ரிசியுஸும் இங்கே படித்துவிட்டு வந்தவர்கள்தான்.

முற்றத்திலேயே இன்னொரு கட்டடத்தில் பழைய நூலகம் இருக்கிறது. 1728இல் கட்டி முடித்தது. நாடக மேடையில் இரண்டு பக்கமும் திரைகளை நிறுத்துவது போலப் புத்தக அலமாரிகளை நிறுத்தியிருக்கிறார்கள். பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தாலே தோலட்டை வாசனை வருகிறது. பேசாமல் பத்து நிமிஷம் நின்றேன். வாசலில் உள்ள அநாதை இல்லத்தின் கூரை மேலே ஒரு மேடை உண்டு. ஏறினால் ஊரின் ஐந்து கோபுரங்களும் ஒன்றாகத் தெரியும். அறநிலையத்தில் மட்டும் எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அரை நாள் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாப்பாடு. பழைய சந்தைச் சதுக்கத்தில் கழுதை நீரூற்று என்று ஒன்று இருக்கிறது. ராஜா வருகிறார் என்று வழியெல்லாம் ரோஜாப் பூ தூவி வைத்திருந்தார்களாம், ராஜாவுக்குப் பதில் மாவு மில்காரப் பையன் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தானாம். ரோஜா மேல் நடக்கும் கழுதை இந்த ஊருக்கே அடையாளம். அந்தப் பக்கம் ஒரு சின்ன உணவகத்தில் வாசலில் மேசை போட்டிருந்தார்கள். மே மாதம் ஜெர்மனியில் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டின் பருவம். ‘ஸ்பார்கல்’ என்கிறார்கள். நம் ஊர் வாழைத்தண்டைத் தோல் சீவி முழுசாக வேக வைத்தால் எப்படியோ அப்படி ஒரு மென்மை, கொஞ்சம் கசப்பு. வெண்ணெயை உருக்கி ஊற்றி, அவித்த சின்ன உருளைக்கிழங்கோடு கொடுத்தார்கள். இறைச்சி வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் அதையே இன்னும் இரண்டு தண்டு கூட வைத்துத் தந்தார்கள். காரம் கிடையாது, மிளகுத்தூளை நானே தாராளமாகத் தூவிக்கொண்டேன். தனியாக வந்த பெண் என்று மூலையில் உட்கார வைக்கவில்லை, நீரூற்றைப் பார்த்த மேசையையே கொடுத்தார்கள். இதை நான் எந்த ஊரிலும் கவனிப்பேன். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு, அதை மறக்காதீர்கள்.

இனிப்பு வாங்க வேண்டுமென்றால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் அடைப்பு. ஹாலோரன் என்ற சாக்லேட் தொழிற்சாலை இங்கே 1804இலிருந்து இருக்கிறது, ஜெர்மனியில் இன்றும் ஓடுகிறவற்றில் அதுதான் பழையது. அவர்களுடைய உருண்டை பாதி வெள்ளை, பாதி பழுப்பு என்று உள்ளே க்ரீம் வைத்து, மேலே சாக்லேட் பூசியது. இந்த ஊரில் உப்பு காய்ச்சியவர்களுக்கு ஹாலோரன் என்று பெயர், அவர்கள் அங்கியில் இருந்த வெள்ளிப் பொத்தானின் உருவம் அது. எனக்குக் கொஞ்சம் திகட்டியது. அலுவலகத்தில் கொடுத்த பெட்டி பத்து நிமிஷத்தில் காலி.

ஞாயிறு காலை சந்தைத் தேவாலயத்துக்குப் போனேன். நான்கு கோபுரம் அதனுடையது, ஐந்தாவது எதிரில் தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். 1546இல், கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தர் இறந்து உடலை விட்டன்பெர்க் கொண்டுபோகும் வழியில் இங்கே வைத்திருந்தார்கள். அவர் முகத்தையும் கைகளையும் மெழுகில் எடுத்த அச்சு இந்தத் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தக் கைகள் எனக்குப் பிடித்தன, எழுதி எழுதி வீங்கிய விரல்கள் போல இருந்தன. இசைமேதை ஹாண்டெல் 1685இல் இந்த ஊரில்தான் பிறந்தார், இதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார், இங்கே இருந்த சின்ன ஆர்கனில் கற்றுக்கொண்டார். 1664இல் செய்த அந்த ஆர்கன் இன்னும் அங்கே இருக்கிறது. அவர் பிறந்த வீடு அருங்காட்சியகம். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு அது தனி யாத்திரையாக இருக்கும். நான் அரை மணி நேரத்தில் வந்துவிட்டேன்.

மத்தியானம் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் நெப்ரா வானத்தட்டு. இதற்கு ஒரு மணி நேரம் கட்டாயம் கொடுங்கள். 32 செண்டிமீட்டர் அகல வெண்கலத் தட்டு, பச்சைப் பாசி பிடித்த நிறம், அதில் தங்கத் தகட்டில் சூரியனோ முழு நிலவோ ஒன்று, பிறை ஒன்று, நட்சத்திரங்கள். அதில் ஏழு மட்டும் ஒரு கொத்தாக. நம் கார்த்திகைக் கூட்டம்தான் அது. மண்ணில் புதைத்து 3,600 வருஷம் ஆகிறது. 1999இல் புதையல் திருடர்கள் தோண்டி எடுத்து விற்க, 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீஸ் மடக்கிப் பிடித்தது. இருட்டறையில் அது மட்டும் தனியாக வெளிச்சத்தில் இருக்கிறது. நான் இருந்தபோது அந்த அறையில் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை.

ஊர் எப்படி என்றால், நடந்தே எல்லாம் பார்த்துவிடலாம். ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகச் சந்தைச் சதுக்கத்துக்கு இருபது நிமிஷ நடை. போரில் பெரிய அழிவில்லாமல் தப்பிய ஊர் என்பதால் பழைய தெருக்கள் பழையதாகவே இருக்கின்றன. சில வீடுகளுக்குப் புதுச் சுண்ணாம்பு, பக்கத்து வீட்டில் காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது. சுற்றுலாக் கூட்டம் கிடையாது. தள்ளுமுள்ளு இல்லாமல் ஒரு பொருளின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கல் பாவிய தெருக்கள், அதனால் சக்கரம் வைத்த பெட்டியை விட முதுகுப்பை நல்லது. பெரும்பாலான இடங்களில் ஆங்கிலம் வைத்துச் சமாளித்தேன். வயதானவர்களிடம் மட்டும் போன் வேண்டியிருந்தது, அவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

லைப்சிக் திரும்பி ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு ஒரு குறை இருந்தது. படத்தில் பார்த்தால் எழுத்தின் உண்மையான அளவு தெரியவில்லை. “எத்தன பாயிண்ட்டுன்னு பாக்கணும்மா. புஸ்தகத்தையே பக்கத்துல வச்சு அளந்தாத்தான் ஆகும்” என்றார். அதற்கு அறநிலையத்தின் ஆவணக் காப்பகப் படிப்பறைக்குப் போக வேண்டும். அது வேலை நாள்களில்தான், என்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஆராய்ச்சி செய்கிறவர்களோ, என்னைப் போல ஒரு காரணம் வைத்திருப்பவர்களோ வெள்ளிக்கிழமையையும் சேர்த்து லீவு போட்டுக்கொண்டு வாருங்கள். எங்கள் பயிற்சியின் இரண்டாம் கட்டம் அக்டோபரில் என்கிறார்கள். அப்பா பழைய பாயிண்ட் ஸ்கேலைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்.